பிரெண்டா ஃபாசி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நம் தென்னாப்பிரிக்கப் பாடகி பிரெண்டா ஃபாசியைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். இந்த நாட்டில் இதுவரை பாடியவர்களில் அவர்தான் முதல் இடம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இங்கே பிறந்த மிரியம் மகேபா அமெரிக்கத் தரவரிசையிலேயே இடம்பிடித்தவர், கிராமி விருது வாங்கியவர். பிரெண்டாவோ தொடக்கத்தில் ஒரு பாட்டால் பெயர் வாங்கினார், நடுவில் பல ஆண்டுகள் காணாமலே போனார். கடைசியில் வந்த வெற்றியும் தயாரிப்பாளருடையது என்கிறார்கள். குடியும் போதையுமாக வாழ்ந்த ஒருவரை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டலாமா? சென்ற ஆண்டு ஃபீனிக்ஸில் என் மகன் திருமண வரவேற்பில் இளைஞர்கள் அவருடைய பாட்டைப் போட்டு ஆடினார்கள். நாதஸ்வரம் ஒலித்த மண்டபத்தில் இது எதற்கு என்று உறவினர்கள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.

கு. ச., ஃபீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள அம்மா,

மனத்தில் இருந்ததை மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. அந்த வரவேற்பில் ஒலித்த பாட்டு எது என்று நீங்கள் எழுதவில்லை. டர்பனில் பாதித் திருமணங்களுக்குப் போய்வந்தவன் என்பதால் அது பிரெண்டாவின் 'வுலின்ட்லேலா'தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மகேபா. அவர் பெருமையில் ஓர் எள்ளளவும் குறைத்துப் பேச மாட்டேன். 1967இல் 'பாட்டா பாட்டா' அமெரிக்கப் பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபோன்டேயுடன் சேர்ந்து பாடிய இசைத்தட்டுக்குக் கிராமி கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார்? 1960இல் தாயின் இறுதிச் சடங்குக்கு வரப் புறப்பட்டவருக்குக் கடவுச்சீட்டு ரத்தாகிவிட்டது என்ற செய்தி கிடைத்தது. 1963இல் ஐ.நா.வில் நிறவெறிக்கு எதிராகப் பேசியபின் குடியுரிமையும் போயிற்று, பாட்டும் இங்கே தடையாயிற்று. 1990இல்தான் திரும்பி வந்தார். உலகம் அவரைக் கேட்ட முப்பது ஆண்டுகளில் சொந்த ஊர் அவரை ஒளித்துவைத்துத்தான் கேட்டது. அவருடைய வெற்றியை அமெரிக்கா எண்ணியது, ஏனென்றால் இங்கே எண்ண விடவில்லை.

தரவரிசை என்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள், அம்மா. நம் சிறு வயதில் நாட்டின் பாட்டுப் பட்டியல் என்று சொல்லப்பட்டது ஸ்பிரிங்பாக் வானொலியின் பட்டியல். 1985 முடிவில் அந்த வானொலியை மூடினார்கள். அது வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்காக நடந்த வானொலி. கறுப்பர்களை ஒதுக்கிவைத்த டவுன்ஷிப் குடியிருப்புகளில் யார் எதைக் கேட்டார்கள் என்பது அந்தப் பட்டியலுக்கு ஒரு பொருட்டில்லை. நமக்கும் அதே கதைதான். ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒலிபெருக்கியில் எத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறது? அந்தக் குரல் எந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

பிரெண்டா 1964இல் கேப் டவுனின் லாங்காவில் பிறந்தவர். தாய் பியானோ வாசிப்பார், மகள் பாடுவாள். பதினாறு வயதளவில் ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோவுக்கு வந்து, ஜாய் என்ற பெண்கள் குழுவில் ஒரு பாடகி பேறுகால விடுப்பில் போனபோது அவர் இடத்தில் நின்றார். 1983இல் 'வீக்எண்ட் ஸ்பெஷல்'. வாரக்கடைசிக்கு மட்டும் தேடப்படும் காதலியின் முறையீடு அது. ஆங்கிலப் பாட்டு, துள்ளல் இசை. நீங்கள் சொல்லும் 'ஒரு பாட்டு' இதுதான்.

ஆனால் 1989இல் 'டூ லேட் ஃபார் மாமா' வந்துவிட்டதே. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, தண்ணீரும் விறகும் சுமந்து வரும் ஒரு தாயை இடி விழுந்து கொல்லும் பாட்டு. அந்த மெட்டுக்கும் ஆடுகிறார்கள். சொற்களைக் கவனித்தால் ஆட முடியாது. மறு ஆண்டு, சிறையிலிருந்து வெளிவந்த மண்டேலாவைப் பாடிய 'பிளாக் பிரெசிடென்ட்'. அரசு ஒலிபரப்பு நிறுவனம் அதற்குத் தடை போட்டது. நான்கு ஆண்டுகளில் பாட்டின் தலைப்பே நாட்டின் செய்தியாயிற்று. இவரை ஒரே பாட்டுக்காரர் என்று எப்படிச் சொல்வது?

நடுவில் வீழ்ந்தது உண்மை. போதைப்பொருள் அவரைத் தின்றது. 1995இல் அவருடைய நெருங்கிய தோழி அளவுக்கு மீறிய போதையால் இறந்தபோது இவரும் அதே அறையில் இருந்தார். பத்திரிகைகள் இவருடைய கதை முடிந்தது என்று எழுதின. பிள்ளைகளுக்கு இதை மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. டர்பனில் நம் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் போதை புகாத தெரு எது? மறைத்து நாம் யாரைக் காப்பாற்றினோம்?

1997இல் 'மெமேசா' ஆல்பம் வந்தது, 'வுலின்ட்லேலா' உள்ள அதே ஆல்பம். கூவி அழை என்று பொருள். அடுத்த ஆண்டு முழுவதும் தென்னாப்பிரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுதான். வெளிநாட்டு இசைத்தட்டுகளும் அதற்குப் பின்னால்தான் நின்றன. அன்று 50,000 பிரதி விற்றால் பிளாட்டினம் என்ற விற்பனைச் சிறப்பு. இது அதைப் பல மடங்கு தாண்டியது. பிறகு 'நொமகன்ஜானி', 'அமட்லோசி', 'மினா நாவே', 'ம்யெகெலேனி', 'மாலி' என்று 2003 வரை ஏறக்குறைய ஆண்டுக்கு ஓர் ஆல்பம், எல்லாமே நன்றாக விற்றவை. என்னை அசைப்பது எண்ணிக்கையைவிட இன்னொன்று. முதலில் பெயர் வாங்கித் தந்தது ஆங்கிலப் பாட்டு. எல்லாரும் கைவிட்டபின் மீண்டு வந்தது இந்த மண்ணின் மொழிகளான ஜூலுவிலும் கோசாவிலும். வெளியே போவதற்காக மொழியை விட்டவர்கள் உண்டு. இவர் உள்ளே திரும்பி நடந்தார், அங்கேதான் சந்தையும் காத்திருந்தது. வீட்டில் தமிழ் மறைந்துகொண்டிருக்கும் ஒரு சமூகத்தில் எழுதுகிறவன் நான். இது எனக்குச் சிறிய செய்தியில்லை.

தயாரிப்பாளர் சிக்கோ ட்வாலாவின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. மண்டேலா பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாத காலத்தில் அதை 'மனெலோ' என்று திரித்துப் பாடிய துணிச்சல்காரர் அவர். ஆனால் சுசீலா அம்மாவின் பாட்டைக் கேட்டுவிட்டு, இது விஸ்வநாதன் வெற்றி, பாடியவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று நம் வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இனி உங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். 1998இல் டர்பன் நகரின் வார்விக்கிலிருந்து சாட்ஸ்வர்த்துக்கு ஓடிய சிற்றுந்து டாக்சிகளில் நாள் முழுவதும் 'வுலின்ட்லேலா'தான். ஒரு டாக்சியில் ஒரு கேசட், கேட்பவர்களோ ஒரு நடைக்குப் பதினைந்து பேர். எந்தப் பிளாட்டினக் கணக்கிலும் அந்தப் பதினைந்து பேர் இல்லை. ஒரு சனிக்கிழமை என் ஆயாவை, அதாவது பாட்டியை, கூட்டிக்கொண்டு அப்படி ஒரு டாக்சியில் வந்தேன். வார்விக் காலைச் சந்தையில் நாற்பது ஆண்டு கீரை விற்றவர் ஆயா. பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் தமிழ், வாடிக்கைக்காரர்களிடம் ஜூலு. நான் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன். ஜூலுவில் காசு கேட்கவும் வணக்கம் சொல்லவும் மட்டுமே தெரியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்ன ஆயா என்றேன். "இவளுடைய பிள்ளைக்குக் கல்யாணம் ஆகவே ஆகாது என்று அக்கம்பக்கத்தில் ஒருத்தி வம்பு பேசியிருக்கிறாள். இன்றைக்குக் கல்யாணம். வம்புக்காரி, வழியை விடு என்கிறாள்" என்றார். பக்கத்தில் இருந்த ஜூலுப் பெண்மணிக்குத் தமிழ் புரியவில்லை, ஆயாவின் சிரிப்புப் புரிந்தது. இருவரும் சேர்ந்து பாட்டின் மீதியைப் பாடினார்கள். ஆயாவுக்கு அவ்வளவு குரல் உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆக, உங்கள் மகன் திருமணத்தில் ஒலித்தது மணமகனின் தாய் பாடும் பாட்டு. அந்த மண்டபத்தில் அதைக் கேட்க முதல் உரிமை உங்களுக்குத்தான், அம்மா.

2004 மே 9ஆம் தேதி பிரெண்டா இறந்தார். வயது 39. மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்த நாள்களில் மண்டேலாவும் வந்து பார்த்தார். இறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். லாங்காவில் அடக்கம் செய்தார்கள்.

உறவினர்கள் மறுபடி கேட்டால் பாட்டின் பொருளை மட்டும் சொல்லுங்கள், போதும். நீங்கள் கேட்கத் தொடங்குவதாக இருந்தால் 'மெமேசா'வை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஜூலு தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஃபீனிக்ஸில் உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார்.