மில் ட்ரேஸ் என்றால் என்ன?

கேள்வி: பிரான்ஸில் இருக்கும் தம்பி மகன் சிறிய விமானம் ஓட்டப் பழகுகிறான். அவன் அனுப்பிய ஒலிப்பதிவில் 'க்யூ என் ஹெச் மில் ட்ரேஸ்' என்று யாரோ சொல்கிறார்கள். அது என்ன, ஏன் ஆங்கிலத்தில் சொல்லவில்லை? (வாசகி, ஹட்டன்)

பதில்: மில் ட்ரேஸ் என்றால் பிரெஞ்சில் 1013, அன்றைய காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கல் கணக்கில். விமானத்தின் உயரமானி அடிப்படையில் ஒரு காற்றழுத்தமானிதான், அதனால் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தத்தை அதில் திருகி வைத்தால்தான் முள் சரியான உயரத்தைக் காட்டும். அந்த எண்தான் க்யூ என் ஹெச், தந்திக் காலத்துக் குறியீடு. விமான நிலையத்தின் மட்டத்திலேயே அளந்த அழுத்தம் க்யூ எஃப் ஈ. நுவரெலியாவுக்குப் போனால், 1868 மீற்றர் உயரத்தில், காற்றழுத்தம் காட்டும் போன் 810ஐ ஒட்டிக் காட்டும், வானிலை அறிக்கையோ 1010, 1012 என்று சொல்லும். இரண்டும் சரிதான், அளக்கும் மட்டம்தான் வேறு.

மொழிக்கு வருவோம். பிரான்ஸில் ஒரே அலைவரிசையில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து ஓடும். ஆங்கிலத்தில் 'வன் ஸீரோ வன் த்ரீ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள், பிரெஞ்சில் நாம் கடையில் கணக்குச் சொல்வதுபோல முழு எண்ணாகவே வந்துவிடும். எந்த மொழியானாலும் விமானி எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், தரையிலிருந்து வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும்? 2022 மே 23, பாரிஸ் சார்ல் டி கோல் விமான நிலையம், மழை. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ320க்குக் கட்டுப்பாட்டாளர் 1001க்குப் பதில் 1011 என்று ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டார், விமானியும் அப்படியே திருப்பிச் சொன்னார். அடுத்து இன்னொரு விமானத்துக்கும் அதே பிழை. அந்த விமானி 1001 என்று சரியாகத் திருப்பிச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அப்புறம் ஏர் பிரான்ஸ் விமானத்துக்குப் பிரெஞ்சில் சொன்னபோது மட்டும் சரியாக 1001! பத்து ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் கிட்டத்தட்ட 280 அடி, உயரமானி உண்மையான உயரத்தைவிட அவ்வளவு கூட்டிக் காட்டும். ஓடுபாதைக்கு இன்னும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் இருக்கும்போதே ஸ்டாக்ஹோம் விமானம் தரையிலிருந்து 6 அடி வரை இறங்கி, ஓடுபாதை தெரியாததால் மேலெழும்பித் தப்பியது. எல்லோரும் ஒரே மொழியில் பேசியிருந்தால் அந்த வேறுபாடு யாருக்காவது உறைத்திருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானமும் இப்படித்தானா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: இல்லை. 1974 டிசம்பர் 4, ஹஜ் பயணிகளோடு வந்த மார்ட்டின்எயார் டிசி-8, 191 பேர். தாங்கள் எங்கே பறக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, மலை இருக்கும் இடத்தில் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். கோளாறு இடக்கணிப்பில், உயரமானி எண்ணில் அல்ல.