அப்பாவைப் பற்றி எழுதினால், அதை யார் படிப்பார்கள்?

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அப்பாவைப் பற்றி எழுத ஆசை. எதற்கு, யாருக்கு, எந்த மனநிலையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து எழுத்து மாறும் என்கிறார்கள். நடந்தது நடந்ததுதானே, அது எப்படி மாறும்?

நான் எழுதிய ஒன்றை வைத்தே சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் சித்தப்பாவின் தென்னந்தோப்பு பாதிக்கு மேல் படுத்துவிட்டது. நிவாரணம் கேட்டு அவர் பெயரில் தாசில்தாருக்கு மனு எழுதினேன். சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகனுக்கு, டவர் கிடைத்த இடத்தில் நின்று நீளமாக வாட்ஸ்அப்பும் அனுப்பினேன்.

மனுவில் சர்வே எண், பட்டா எண், விழுந்த மரம் எத்தனை, அதில் காய்ப்பில் இருந்தது எத்தனை, அவ்வளவுதான். "வடக்கு வரிசை எங்க அப்பா கையால வச்சதுப்பா, அதையும் எழுது" என்றார் சித்தப்பா. எழுதவில்லை. வி.ஏ.ஓ. வந்து எண்ணப் போவது மரத்தை. வைத்தது யார் என்பதற்கு அவர் நோட்டில் இடம் கிடையாது.

தம்பிக்கு அனுப்பியதில் எண்ணிக்கையே இல்லை. ஓடு தப்பித்தது, மாடு கன்று பத்திரம், இளநீருக்குப் பஞ்சமில்லை, பிள்ளைகள் விழுந்த மரத்தில் குருத்து வெட்டித் தின்கிறார்கள் என்று எழுதினேன். எல்லாம் நடந்ததுதான். அவன் பதறிப்போய் டிக்கெட் போட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அந்தக் குருத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நின்று காய்க்கிற மரத்தில் யாரும் குருத்தை வெட்ட மாட்டார்கள், வெட்டினால் மரம் போச்சு. தம்பிக்கு எழுதியபோது அது பிள்ளைகளின் கும்மாளமாக வந்தது. ஆத்திரத்தோடு உட்கார்ந்திருந்தால், 'இருபது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தின் குருத்தைப் பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தன' என்று வந்திருக்கும். யாருக்கு, எதற்கு என்பதையாவது யோசித்து முடிவு செய்யலாம். மனநிலை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எழுதி நாலு நாள் கழித்துப் படித்தால்தான் அது எங்கெங்கே புகுந்திருக்கிறது என்று தெரியும்.

இதைப் பெரிய அளவில் பார்க்க, நம்ம பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சாமிநாதையர் இருக்கிறார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934-இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். அப்புறம் 1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதினார். அதே மாயூரம், அதே திருவாவடுதுறை மடம். முன்னதில் ஆசிரியர் நடுவில் இருக்கிறார், பின்னதில் பாடம் கேட்க ஏங்கும் பையன். வாரப் பத்திரிகை என்பதால் சின்னச் சின்ன அத்தியாயம், நிறையப் பேச்சு.

அதில் ஓரிடம். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரிடம் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்குகிறார். முதலியார் அசரவே இல்லை, இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்ற மாதிரிக் கேட்டுவிடுகிறார். நடந்தது 1880. அறுபது வருஷம் கழித்து, தமிழ் உலகமே கொண்டாடும் நிலையில் இருந்தவர் அதை மறைக்கவில்லை, முதலியாரைக் குத்தவும் இல்லை. அந்தச் சந்திப்புதான் அவரைச் சீவக சிந்தாமணி பக்கம் திருப்பியது. பெருமை பேசுவதற்காக எழுதியிருந்தால் முதலில் வெட்டுப்பட்டிருப்பது அந்த இடம்தான்.

சரி, உங்கள் அப்பா விஷயத்துக்கு வருவோம். டெல்டாக்காரர்கள் மட்டும் படிப்பார்கள் என்றால் 'அந்த வருஷம் ஜூன் 12-இல் தண்ணீர் வரவில்லை' என்றாலே போதும், குறுவை என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். சென்னையில் படிப்பவருக்கு, குறுவை நெல்லுக்காக மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதெல்லாம் சுலபம். அப்பாவே படிப்பாரா என்பதுதான் சிக்கல். படிப்பார் என்றால், அம்மா நகையை அடகு வைத்துச் சாகுபடி செய்த வருஷங்களை எப்படி எழுதுவீர்கள்? அவர் எதிரில் வாசிக்க முடியாது என்று தோன்றுகிற பகுதியை உங்களுக்கென்று தனி நோட்டில் எழுதி வையுங்கள், அங்கே தைரியமாக வரும். அதையும் ஊருக்குக் காட்டப் போவதையும் ஒரே கட்டுரையில் போட்டால், பாதியில் எழுத்து பம்ம ஆரம்பித்துவிடும்.