பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில், உறவுக் கூட்டம் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் திருமணம் செய்துகொள்ள முடியுமா? எப்படித் திட்டமிட வேண்டும்?

முடியும். நானும் என் கணவரும் அப்படித்தான் செய்துகொண்டோம். என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டப்படியான திருமணத்தை அருங்காட்சியகத்தின் படிக்கட்டில், திறந்த வெளியில் முடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போலப் பார்வையாளர்களாக உள்ளே போங்கள். உள்ளே சடங்கு நடத்தியே தீர வேண்டும் என்றால் அது தனி ஏற்பாடு. நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் பிரிவுக்கு எழுத வேண்டும், இடத்துக்கு வாடகை தர வேண்டும். இருவருக்காக அவ்வளவு செலவு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் வீட்டில் மண்டபம், பந்தி, யாரை அழைப்பது யாரை விடுவது என்ற பேச்சு முற்றிவிட்டது என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. எங்கள் இருவருக்கும் சாதி ஒன்றல்ல. அவருடைய பெரியப்பா பெரிய மனது பண்ணிக் கல்யாணத்துக்கு வரச் சம்மதித்தார். ஆனால் அழைப்பிதழில் என் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் வரக்கூடாது என்று ஒரு நிபந்தனை. அப்பா அதற்கும் தலையாட்டிவிட்டார். என்னால் முடியவில்லை. அழைப்பிதழே வேண்டாம் என்று அன்று இரவே முடிவு செய்தோம். பெற்றோரை ஒதுக்கச் சொல்கிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் கிளம்ப வேண்டாம். என் அப்பா தலைகுனிந்து நிற்காமல் என் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் இதைச் செய்தேன்.

இனி வேலை. பிலடெல்பியாவில் திருமண உரிமம் தருகிற அலுவலகம் சிட்டி ஹாலில் 415-ஆம் அறையில் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை, அந்த நகரம் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்பதும் இல்லை. அடையாளச் சான்றோடு இருவரும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த உடனே உரிமம் கைக்கு வராது, 3 நாள் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு 60 நாளுக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விமான டிக்கெட் போடும்போது இந்த 3 நாளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தில் இரண்டு வகை உண்டு. நீதிபதியோ மதகுருவோ நடத்திவைக்கும் வழக்கமான திருமணத்துக்குக் கட்டணம் 90 டாலர். மற்றொன்றுக்கு 100 டாலர். அதில் நடத்திவைப்பவர் என்று ஒருவரே கிடையாது. மணமக்கள் தாங்களே அறிவித்துக்கொள்கிறார்கள், சாட்சிகள் இருவர் கையெழுத்திடுகிறார்கள், அவ்வளவுதான். இது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் விட்டுச்சென்ற வழி. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் குவேக்கர். திருமணத்தை நடத்திவைக்கக் குருமார் வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில்லை. இன்று எந்தச் சமயத்தாரும், சமயமே இல்லாதவரும் இந்த உரிமம் கேட்கலாம். நமக்கு இது புதிதும் அல்ல. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு இதைத்தான் சொல்கிறது. புரோகிதர் தேவையில்லை, உற்றார் நண்பர் முன்னிலையில் மணமக்கள் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். "ஐயர் இல்லாமல் ஒரு கல்யாணமா" என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். தங்கள் மாநிலத்தின் சட்டம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

உரிமம் வாங்கிய அலுவலகத்திலிருந்து அருங்காட்சியகம் வரை நடந்தே போகலாம், போங்கள். சிட்டி ஹால் கோபுரத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலையைச் செய்தவர் அலெக்சாண்டர் மில்ன் கால்டர். பெஞ்சமின் பிராங்க்ளின் பார்க்வே வழியாக நடந்தால் நடுவில் லோகன் சர்க்கிளில் ஒரு பெரிய நீரூற்று வரும். அதன் சிற்பங்கள் அந்தக் கால்டரின் மகன் செய்தவை. அருங்காட்சியகத்தின் பெரிய படிக்கூடத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் 'கோஸ்ட்' என்ற வெள்ளைத் தொங்குசிற்பம் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அது பேரன் அலெக்சாண்டர் கால்டர் 1964-இல் செய்தது. ஒரே சாலையில் மூன்று தலைமுறை. குடும்பம் என்ற சொல்லைக் கேட்டாலே களைத்துப்போயிருந்த எனக்கு அந்த நடை பெரிய ஆறுதலாக இருந்தது.

படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் 72 படிகள். 'ராக்கி' என்ற ஆங்கிலப் படத்தில் நாயகன் ஓடி ஏறியதால் உலகப் புகழ் பெற்றவை என்பதால், எந்த நேரமும் யாராவது மூச்சிரைக்க ஓடிவந்து உச்சியில் இரு கைகளையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். நடுப்படியில் நிற்காதீர்கள். மேலே ஏறி, தளத்தின் ஓரமாகத் தூண்கள் இருக்கும் பக்கம் ஒதுங்கினால் ஓட்டக்காரர்கள் வருவதில்லை. நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். சாட்சிகளாக என் அக்காவும் அத்தானும் வந்தார்கள். காற்று பலமாக அடித்தது. சான்றிதழை ஒரு கெட்டி அட்டைமீது வைத்து, மேல் மூலையை அக்கா கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அத்தான் கையெழுத்துப் போடும்போது தாள் எழும்பி, அவருடைய கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. இன்றும் அந்தச் சான்றிதழை எடுத்தால் என் கண் அந்த வாலைத்தான் முதலில் தேடும். நாங்கள் சொன்னது ஆளுக்கு இரண்டு வாக்கியம், தமிழில். மாலை மாற்றினோம். பக்கத்தில் நின்ற ஒரு சுற்றுலாக் குடும்பம் கைதட்டியது.

இருவர், சாட்சிகள் இருவர், கையில் ஒரு தாள் என்று நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நாற்காலி, மலர் வளைவு, ஒலிபெருக்கி என்று கொண்டுவந்தால் அது நிகழ்ச்சி ஆகிவிடும், அதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தொழில்முறைப் புகைப்படக்காரரை அழைத்துவருவதாக இருந்தாலும் கேட்டுவிட்டே வாருங்கள். உள்ளே ஃபிளாஷ் போடக்கூடாது, முக்காலி நிறுத்தக்கூடாது. மாலையை நாங்கள் காரிலேயே வைத்துவிட்டோம். பச்சைப் பூவில் பூச்சி இருக்கலாம், பழைய மரத்துக்கும் துணிக்கும் அது ஆகாது. செவ்வாயும் புதனும் விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலையில் விரும்பிய தொகையைக் கொடுத்து நுழையலாம் என்பதால் கூட்டம் சேரும். அமைதி வேண்டுமானால் வியாழன் அல்லது திங்கள் காலை போங்கள். பெரியவர்களுக்கு டிக்கெட் 30 டாலர். அடுத்த நாளும் அதே டிக்கெட்டில் போகலாம். நாங்கள் மறுநாளும் போனோம்.

உள்ளே எங்கே போவது என்று உங்களுக்கு யோசனையே வேண்டாம். படிக்கூடத்தின் உச்சியில் சிற்பி செயிண்ட் கௌடன்ஸ் செய்த டயானா என்ற ரோமானிய வேட்டைத் தெய்வம், வில்லை நாணேற்றி ஒற்றைக்காலில் பொன்னாக நிற்பாள். அவளைக் கும்பிட்டுவிட்டு நேராக ஆசியக் கலைப் பகுதிக்குப் போங்கள். அங்கே மதுரை இருக்கிறது. உண்மையாகவே சொல்கிறேன், மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த 16-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் மண்டபத்தின் தூண்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நாயக்கர் காலத்து வேலைப்பாடு. கருடனும் அனுமனும் ஏறக்குறைய ஆளுயரத்தில் தூணோடு தூணாக நிற்கிறார்கள்.

என் கணவர் மதுரைக்காரர். ஊரில் இருந்தவரை அந்தக் கோயில் வாசலைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறார், இப்படி ஒரு மண்டபம் அமெரிக்காவில் இருப்பது அவருக்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூண் தூணாக, ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டே போனார். எங்கள் உடையைப் பார்த்த காவலர் "இன்றைக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள், வெளிச்சம் இங்கேதான் நன்றாக விழும்" என்று இடம் காட்டினார். அக்கா கைப்பேசியில் எடுத்த அந்தப் படம்தான் எங்கள் கல்யாணப் படம். என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு எந்தக் கோயில் என்று கேட்டார். அதன் பிறகுதான் அவர் என்னிடம் பேசத் தொடங்கினார்.

"கோயிலில் இருந்து பெயர்த்துக் கொண்டுபோன கல்லின் முன்னால் நின்று பெருமையா?" என்று ஒருவர் எனக்கு எழுதினார். பெயர்த்தெடுத்த கதை வேறு, இது வேறு. கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கற்களை 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி விலைக்கு வாங்கினார். அவர் இறந்தபின், அவர் நினைவாக 1919-இல் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். விற்றது சரியா என்று வாதிடலாம், வாதிட வேண்டியதும்தான். நான் அங்கே நின்றது பெருமைக்காக அல்ல. ஊரைவிட்டு அவ்வளவு தொலைவில், நம் கல்தச்சர்களின் கைவேலை எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

படிவம் நிரப்புவதைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான கட்டம் காலி. நம்மில் பலருக்கும் அப்படித்தான், அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்துவிடுகிறார்கள். முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றவள் காதில் மூன்று முறை சொல்லி வைத்த பெயர் இருக்கிறது, அறியப்படவில்லையாம்! வங்கியில், மருத்துவரின் வரவேற்பறையில், காப்பீட்டு அட்டையில் அவரை அந்த மூன்று எழுத்தால் கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் பெயர்முறைக்கு ஒரு கட்டம் ஒதுக்க உலகத்தில் எந்தப் படிவத்துக்கும் மனம் வரவில்லை. உங்களில் யாருக்காவது இந்தச் சிக்கல் இருந்தால், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே அந்த அலுவலரிடம் பாஸ்போர்ட்டையும் விசாவையும் சேர்த்துக் காட்டி, எந்தப் பெயர் எந்த இடத்தில் வரும் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கையெழுத்தான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

கையெழுத்திட்ட தாளை 10 நாளுக்குள் உரிம அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது பதிவானதும் சான்றளித்த நகல்கள் கேட்டு வாங்குங்கள், ஒன்று போதாது. இந்தியாவில் காட்ட வேண்டியிருந்தால் ஒரு நகலுக்கு ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில அலுவலகத்தில், வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையும் பெற்றுவிடுங்கள். எங்களுக்குப் பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்க அது உதவியது.