ஸ்வீடன் பாடகி ராபின் 90-களில் ஹிட் கொடுத்துவிட்டு ஏன் காணாமல் போனார்?

காணாமல் போகவில்லை, பெரிய இசைத்தட்டு கம்பெனிகளோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

1979-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே முதல் ஆல்பம். ஸ்வீடன் பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான மேக்ஸ் மார்ட்டினுடன் சேர்ந்து எழுதிய 'ஷோ மீ லவ்' 1997-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. அடுத்து 1999-ல் வந்த 'மை ட்ரூத்' ஆல்பத்தில், தான் செய்துகொண்ட கருக்கலைப்பு பற்றிப் பாடியிருந்தார். அதை மாற்றித் தரச் சொன்னது கம்பெனி. இவர் மறுத்தார், ஆல்பம் அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. இருபது வயதில் இப்படி நிற்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அப்புறம் 'தி நைஃப்' என்ற இருவர் இசைக்குழுவுடன் செய்த எலக்ட்ரானிக் பாட்டும் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று கோனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கி, 2005-ல் தன் பெயரிலேயே ஆல்பம் போட்டார். ஸ்வீடன் இசைத் தயாரிப்பாளர் க்ளீரப்புடன் சேர்ந்து பாடிய 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' 2007-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

2010-ன் 'டான்சிங் ஆன் மை ஓன்' தான் இவருடைய உச்சம் என்பேன். பழைய காதலன் வேறொருத்தியை முத்தமிடுவதை ஓரமாக நின்று பார்க்கும் பெண்ணின் பாட்டு. வரிகள் அழுகின்றன, தாளமோ ஆட வைக்கிறது. அதே ஆண்டு 'பாடி டாக்' ஆல்பம் வரிசையைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். சொந்தக் கம்பெனி என்பதால் முடிந்தது. அடுத்த தனி ஆல்பமான 'ஹனி' வர 2018 ஆனது.