பாரக் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பொருளியல் முதுகலை மாணவன். ஒவ்வோர் ஆண்டும் சென்னைப் புத்தகக் காட்சியில் இத்தனை கோடிக்கு விற்பனை என்று செய்தி வருகிறது. தமிழ்ப் பதிப்புத் தொழில் மாநில உற்பத்திக்கு எவ்வளவு தருகிறது? காட்சி விற்பனையைப் பத்தால் பெருக்கினால் தோராயமான தொகை கிடைக்குமா? மின்னூல்களையும் சேர்க்க வேண்டுமா? மலையாளத்தில் நம்மைவிட அதிகமா? ஒரு எண் கையில் இருந்தால் அரசு இதைத் தொழிலாக மதிக்கும் என்று நினைக்கிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பத்து எங்கிருந்து வந்தது? பொருளியல் படிக்கிற பிள்ளை இப்படி எழுதலாமா? காட்சியில் சொல்வது விற்றுமுதல், அதாவது விற்ற மொத்தத் தொகை. அதில் ஆங்கில நூல்களும் உண்டு, வேறு மாநிலத்தில் அச்சானவையும் உண்டு. தாள், அச்சு, நூல்கட்டுச் செலவெல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் பதிப்பகம் கூட்டிய மதிப்பு. தேசியத் தொழில் வகைப்பாட்டில் 2008 முதல் அச்சு 18ஆம் பிரிவு, பதிப்பு 58ஆம் பிரிவு. சிவகாசி அச்சகத்தின் வருமானத்தைச் சென்னைப் பதிப்பாளர் பேரில் எழுத முடியாது. மின்னூலை இப்போதைக்கு விடுங்கள். மலையாள ஒப்பீடு வேண்டவே வேண்டாம்.

முதலில் எத்தனை படிகள் அச்சாகின்றன என்று தெரிய வேண்டும். அது நமக்குத் தெரியாது என்பதுதான் என்னை வருத்துகிறது. 1867இல் வெள்ளையர் கொண்டுவந்த அச்சகம், நூல் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, மொழி, ஆசிரியர், பக்கம், விலை, எத்தனை படி என்பதுவரை பதிவானது. காலாண்டுக்கு ஒருமுறை அரசிதழில் அதை வெளியிட வேண்டியிருந்தது. கண்காணிக்கத்தான் செய்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனாலும் நூறாண்டுக்கு முன் வந்த ஒரு அம்மானைப் பாட்டு எத்தனை படி போட்டார்கள் என்று அதைப் பார்த்துச் சொல்லலாம். போன மாதம் வந்த நாவலுக்குச் சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023இல் வந்த புதுச் சட்டம் பருவ இதழ்களோடு நின்றுவிட்டது, நூல்களைத் தொடவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். அனுப்பினாலும் அங்கே எண்ண முடிவது தலைப்புகளைத்தான். இதற்காகக் குரல் கொடுங்கள், எஸ். உங்கள் துறைக்காரர்கள்தான் கேட்க வேண்டும்.

படிகள் தெரிந்தாலும் இன்னொன்று உறுத்துகிறது. இருநூறு ரூபாய் நூலுக்குப் பத்து சதவீதம் உரிமைத்தொகை என்றால் இருபது ரூபாய். அதை எழுதியவருக்குக் கொடுக்காவிட்டால் பதிப்பாளரின் உபரியாக அதே கூட்டலில் அது உட்கார்ந்துகொள்ளும். மொத்தம் ஒரு காசு மாறாது. கூலியே பேசாமல் செய்த வேலையோ கூட்டலுக்குள் வரவே வராது.

1984இல் திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் எடுபிடியாக இருந்தேன். அங்கே மெய்ப்பு (புரூஃப்) பார்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பதினாறு பக்கம் ஒரு பாரம், பாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. (நூலகத் துறையும் பல காலம் பாரக் கணக்கில்தான் விலை போட்டது.) ஒரு கவிதை நூலில் அவர் திருத்திக் கொடுத்த பின்னும் அச்சுக்கோத்த எழுத்துகளைச் சட்டத்தில் இறுக்கிப் பாரம் பூட்டும்போது எழுத்து மாறி, 'ஒளி' 'ஒலி' ஆகிவிட்டது. 1,200 தாள் ஓடி முடிந்தபிறகுதான் பார்த்தார். யார் கவனிக்கப்போகிறார்கள் என்றார் நூலைப் போட்டவர். பெரியவர் பதில் பேசவில்லை. 'ஒளி' என்பதை மட்டும் வரிசையாகக் கோக்கச் சொல்லி ஒரு தாளில் அடித்து வாங்கினார். மூன்று இரவு அவரும் அவர் மனைவியும் பிளேடால் நறுக்கி நறுக்கி ஒட்டினார்கள். நான் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குக் கண்பார்வை மங்கல். விரலால் தடவித்தான் வரியைக் கண்டுபிடித்தார்.

நீங்கள் கேட்டதற்கு இது பதிலில்லை என்று தெரியும். ஆய்வைச் செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். பதிப்பகங்களில் செலவுக் கணக்கை வாங்கும்போது, எழுதியவரையும் மெய்ப்பு பார்த்தவரையும் தனியே போய்க் கேளுங்கள்.

சனிக்கிழமை கூலி வாங்கப் பெரியவர் நீட்டிய சீட்டை நான்தான் கல்லாவில் கொடுத்தேன். ஆறு பாரம் என்று மட்டும் எழுதியிருந்தார்.