வாசகர் கேள்வி – பதில்: போட்டி முடிந்தபின் ஆட்டங்களை எண்ணுவது

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங் வட்டாரத்தில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியை ஒட்டி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளிச் சதுரங்கக் கழகம் கடந்த பள்ளி விடுமுறையில் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்காகத் தோட்ட மண்டபத்தில் ஒரு போட்டியை நடத்தியது. நாற்பது பேர் கலந்துகொண்டனர். சுவிஸ் முறையில் (ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளி உள்ளவர்கள் மோதும் முறை) ஆறு சுற்றுகள். ஒவ்வொருவருக்கும் 25 நிமிடம். மொத்தம் 120 ஆட்டங்களில் 87 ஆட்டங்களுக்கு மட்டுமே குறிப்புத் தாள்கள் கைக்குக் கிடைத்தன. முடிவுப் பட்டியலின்படி வெள்ளைக்காய் ஆடியவர்கள் 69.5 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை) எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்கு உண்மையிலேயே சாதகம் உண்டா, எங்கள் பிள்ளைகளின் ஆட்டங்கள் எவ்வளவு நீள்கின்றன என்று கணக்கிட விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, பீடோங்

பதில்: முதல் வேலையாக, ஆட்ட முடிவுகளையும் நகர்த்தல்களையும் இரண்டு தனிக் கணக்குகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். யார் வென்றார், யார் தோற்றார், எது சமனில் முடிந்தது என்ற விவரம் யார் யாரோடு ஆடினார் என்று காட்டும் நடுவரின் இணைப் பட்டியலில் 120 ஆட்டங்களுக்கும் முழுமையாக இருக்கிறது. நகர்த்தல்கள்தாம் 87 ஆட்டங்களுக்கு மட்டும் உள்ளன. பலர் தாள் கிடைத்த ஆட்டங்களை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு, வெற்றி விழுக்காட்டையும் அதிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். காணாமற்போன 33 தாள்கள் தற்செயலாகக் காணாமற்போனவை என்று நம்புவதற்கு இடமில்லை. தோற்ற பிள்ளை தாளைக் கசக்கி எறிவதும், நேர நெருக்கடியில் எழுதுவதைக் கைவிடுவதும் எந்த மண்டபத்திலும் காணக்கூடியவை. ஆகவே அந்த 87 ஆட்டங்களில் வெள்ளைக்குக் கிடைத்த விழுக்காட்டையும் 120-இல் கிடைத்த விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைப்போலவே, தாள் இல்லாத ஆட்டங்கள் எந்தச் சுற்றுகளில், எந்த மேசைகளில் குவிந்திருக்கின்றன என்றும் பாருங்கள். அவை புள்ளி குறைந்தவர்கள் ஆடும் கடைசி மேசைகளில் குவிந்திருந்தால், உங்களிடம் இருப்பது நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைகளின் தொகுப்பே தவிர, போட்டியின் தொகுப்பு ஆகாது. இதைச் சரிபார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

தாள்கள் குறைந்ததற்குப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி 25 நிமிட ஆட்டம் விரைவு ஆட்டம். அதில் நகர்த்தல்களை எழுதும் கடமையே ஆட்டக்காரருக்குக் கிடையாது. முழுநேர ஆட்டங்களில் (ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ உள்ளவை) எழுதியே தீர வேண்டும். அங்கும்கூட, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடியாவது கூடுதல் நேரம் சேராத போட்டியில், ஐந்து நிமிடத்திற்கும் குறைவாக நேரம் உள்ளவர் எழுதத் தேவையில்லை. அடுத்த ஆண்டு 45 நிமிடத்துடன் நகர்த்தலுக்கு 15 விநாடி சேர்த்துக் கொடுத்தால், 60 நகர்த்தலுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் அது முழுநேர ஆட்டமாகிவிடும். எழுதும் கடமையும் வந்துவிடும். குறிப்புத் தாள் போட்டியை நடத்துபவரின் உடைமை என்பதும் விதியில் உள்ளது. இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு தாள்களையும் நடுவர் மேசையில் கொடுத்த பிறகே முடிவு பதிவாகும் என்று முதல் சுற்றுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

இனி வெள்ளைக்கு வருவோம். 120-இல் 69.5 என்பது ஏறத்தாழ 58 விழுக்காடு. சமன் ஆட்டங்கள் குறைவாக உள்ள போட்டியில் இதன் திட்டப் பிழையை (தற்செயலால் மட்டுமே எண் எவ்வளவு விலகக்கூடும் என்ற அளவை) காண, 0.25-ஐ ஆட்ட எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும்; 120 ஆட்டங்களுக்கு அது சுமார் 4.6 விழுக்காடு. அதன் இரு மடங்கை இருபுறமும் விட்டால், உங்கள் 58 என்பது 49 முதல் 67 வரை எங்கும் இருக்கலாம் என்றாகிறது. வெள்ளைக்குச் சாதகமே இல்லை என்ற நிலையையும் இந்த எண் மறுக்கவில்லை. பெரும் சாதகம் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்களின் இலட்சக்கணக்கான ஆட்டங்களைத் தொகுத்தால் வெள்ளைக்கு 54 அல்லது 55 விழுக்காடு கிடைப்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. அந்தச் சிறிய வேறுபாட்டை இரண்டு விழுக்காட்டுக்குள் பிடிக்க 2,500 ஆட்டங்கள் வேண்டும்.

சிறிய எண்ணிக்கை எவ்வளவு தடுமாறும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய உலக வாகையர் போட்டியையே எடுத்துக்கொள்ளலாம். 14 ஆட்டங்களில் வெள்ளை மூன்றிலும் கறுப்பு இரண்டிலும் வென்றன, ஒன்பது சமன். வெள்ளைக்கு 14-க்கு 7.5, அதாவது 53.6 விழுக்காடு. உலகச் சராசரிக்கு நெருங்கி வந்துவிட்டதே என்று மகிழ்வதற்கில்லை. கடைசி ஆட்டத்தில் டிங்கின் யானை எஃப்2 கட்டத்துக்கு வந்த அந்த ஒரு தவறு நிகழாமல் ஆட்டம் சமனாகியிருந்தால் வெள்ளையின் பங்கு 57 விழுக்காடாகியிருக்கும். ஒரே நகர்த்தலில் மூன்றரை விழுக்காடு மாறுகிறது!

ஆட்ட நீளத்தைப் பொறுத்தவரை, சராசரியைக் காட்டிலும் இடைநிலை எண்ணை நம்புங்கள். ஆட்டங்களை நீள வரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பதுதான் அது. நூறு நகர்த்தல் நீண்ட ஓர் ஆட்டம் அதை இழுத்துச் சென்றுவிடாது. பாதியில் நின்ற தாள்களை ஒதுக்கிவிடாமல் ‘குறைந்தது 34 நகர்த்தல்’ என்பதுபோல் குறித்துவையுங்கள். பாதியில் நிற்பவை பெரும்பாலும் நீண்ட ஆட்டங்களே என்பதால், அவற்றை ஒதுக்கினால் உங்கள் பிள்ளைகள் எல்லாரும் விரைவில் ஆட்டத்தை முடிப்பவர்கள் என்ற பொய்த் தோற்றம் கிடைக்கும். சில மென்பொருள்கள் வெள்ளையின் நகர்த்தலையும் கறுப்பின் நகர்த்தலையும் தனித்தனியே எண்ணி இரட்டிப்பாகக் காட்டும்; அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாள்களைத் தட்டச்சு செய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பல தாள்களில் நடுவிலேயே கணினி ஒரு நகர்த்தலை ஏற்க மறுக்கிறது. ஊகித்து நிரப்பலாமா? ஒரே பிள்ளையின் பெயரும் தாளுக்குத் தாள் மாறுகிறது.
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, பீடோங்

பதில்: ஐயா, நகர்த்தலை மறுத்த இடத்தில்தான் பிழை இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது சில நகர்த்தல்களுக்கு முன்பே நடந்திருக்கும். இரண்டு குதிரைகளும் டி2 கட்டத்துக்குப் போகக்கூடிய நிலையில், எந்தக் குதிரை போனது என்று பிள்ளை எழுதியிராது. நீங்கள் ஒன்றை நகர்த்துவீர்கள். ஐந்து நகர்த்தல் கழித்து, இல்லாத குதிரை ஒன்றைக் கொண்டு வெட்டியதாகத் தாள் சொல்லும். அப்போது பின்னோக்கிப் போய் மற்றக் குதிரையை நகர்த்திப் பார்த்தால் ஆட்டம் சீராக ஓடிவிடும். கறுப்பு ஆடும் சிறு பிள்ளைகள் தம் பக்கத்திலிருந்து வரிசையை எண்ணி, ஈ5 என்று எழுத வேண்டியதை ஈ4 என்று எழுதுவதும் வழக்கம். எதிராளியின் தாளை அருகில் வைத்துக்கொண்டால் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். அதனால்தான் இரண்டு தாள்களையும் வாங்க வேண்டும் என்கிறேன்.

இரண்டு தாள்களையும் பார்த்தபின் ஒரே ஒரு விடைதான் பொருந்துகிறது என்றால் அதை நிரப்புங்கள். இரண்டு விடைகள் பொருந்தினால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, முடிவை மட்டும் பதிவு செய்யுங்கள். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் ஊகித்து நிரப்பினால் அது அவருடைய நகர்த்தலாகிவிடும். பிள்ளையின் ஆட்டம் என்று அதை ஆராய்வது நியாயமாகாது.

கோப்பை பிஜிஎன் வடிவத்தில் சேமியுங்கள். 1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த இந்த வடிவம் வெறும் எழுத்துக் கோப்புதான். எந்தச் சதுரங்க மென்பொருளும் இதைப் படிக்கும். ஒவ்வோர் ஆட்டத்தின் தலைப்பிலும் போட்டி, இடம், நாள், சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு என ஏழு விவரங்கள் இருக்க வேண்டும். நாளை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுத வேண்டும்.

பெயர்ச் சிக்கல் நம் நாட்டில் கூடுதலாகவே உண்டு. ஒரு தாளில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கும். இன்னொன்றில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) சேர்த்துத் தந்தையின் பெயரும் இருக்கும். மூன்றாவதில் வீட்டில் அழைக்கும் பெயர் இருக்கும். கணினி இவர்களை மூன்று பேராக எண்ணிவிடும். இணைப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் உள்ள தொடக்க எண்ணையே அடையாளமாக வைத்து, பெயரை அந்தப் பட்டியலில் உள்ளபடி ஒரே மாதிரி எழுதுங்கள். அடையாள அட்டை எண்ணை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கோப்பில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: அந்தப் போட்டியில் வெள்ளைக்காயோடு லண்டன் முறை என்ற தொடக்க வரிசையில் ஆடியவர்கள் 11 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே கற்றுக்கொடுத்துவிடலாமா?
– ஒரு பயிற்றுநர், பீடோங்

பதில்: அந்த 11 ஆட்டங்களை ஆடியவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். வெள்ளை, கறுப்பு என்ற நிறத்தை நடுவர் ஒதுக்குகிறார். தொடக்கத்தையோ பிள்ளைதான் தேர்ந்தெடுக்கிறது. வெளியே பயிற்சிக்குப் போகும் இரண்டு மூன்று வலுவான பிள்ளைகள் லண்டன் முறையை ஆடியிருந்தால், அவர்கள் எதை ஆடியிருந்தாலும் வென்றிருப்பார்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. ஆர்பட் ஏலோ வகுத்து 1970-இல் ஃபிடே ஏற்றுக்கொண்ட தரப்புள்ளி (ஆட்டக்காரரின் வலுவைக் காட்டும் எண்) முறைப்படி, 200 புள்ளி மேலானவர் ஓர் ஆட்டத்தில் 0.76 எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் 11 ஆட்டங்களிலும் வெள்ளை சராசரியாக 200 புள்ளி வலுவாக இருந்திருந்தால், எதிர்பார்ப்பே 8.4 புள்ளி, கிடைத்தது 9. லண்டன் முறையின் பங்கு என்று சொல்ல எஞ்சுவது 0.6 புள்ளிதான், அதாவது ஒரு சமன் ஆட்டத்தைவிடச் சற்றே அதிகம். தரப்புள்ளி இல்லாத பிள்ளைகளுக்கு, மற்றச் சுற்றுகளில் அவர்கள் எடுத்த புள்ளிகளை வைத்துத் தோராயமாக ஒப்பிடுங்கள்.

தொடக்கங்களைப் பெயரிட மென்பொருள் பயன்படுத்தும் ஏ00 முதல் ஈ99 வரையிலான குறியெண்கள் மொத்தம் 500. உங்களிடம் உள்ள 87 ஆட்டங்களை அவற்றில் பிரித்தால் பெரும்பாலானவற்றில் ஓர் ஆட்டம்கூட விழாது. லண்டன் முறையே கறுப்பின் பதிலைப் பொறுத்து டி02, ஏ46, ஏ48 என்று சிதறிவிடும். முதல் நகர்த்தல் ஈ4-ஆ, டி4-ஆ, வேறா என்று மூன்றாகப் பிரித்தாலே இந்த அளவுப் போட்டிக்குப் போதும்.

கேள்வி: என் மகளின் ஆட்டங்களை இணையத்தில் ஏற்றப்போவதாகச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?
– ஒரு தாய், பீடோங்

பதில்: ஆட்டம் வெளியாவதால் தீங்கில்லை, பெயரும் பள்ளியும் வயதும் சேர்ந்து வெளியாவதுதான் யோசிக்க வேண்டியது. பெயருக்குப் பதிலாகத் தொடக்க எண்ணைப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆய்வுக்கு அதுவே போதுமானது. உங்கள் சம்மதத்தை எழுத்தில் கேட்பது ஏற்பாட்டாளரின் கடமை.

கேள்வி: நான் ஐந்தாம் படிவ மாணவன், கழகத்திற்கு உதவுகிறேன். எல்லா ஆட்டங்களையும் கணினி ஆய்வுக்குக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் துல்லிய விழுக்காட்டையும் (நகர்த்தல்கள் கணினியின் சிறந்த நகர்த்தல்களுக்கு எவ்வளவு நெருங்கின என்ற எண்) வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டலாம் என்றிருக்கிறேன். சரியா?
– ஒரு மாணவன், பீடோங்

பதில்: உழைப்பைப் பாராட்டுகிறேன், தம்பி, ஆனால் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். எதிராளி பத்தாவது நகர்த்தலிலேயே ராணியை இழந்துவிட்டால், அதன்பின் எவர் ஆடினாலும் துல்லியம் உயரும். கடினமான முடிவாட்டத்தில் நெடுநேரம் போராடியவருக்கோ அது குறையும். அந்த எண் ஆட்டக்காரரின் திறமையோடு ஆட்டத்தின் கடினத்தையும் சேர்த்தே அளக்கிறது.

ஸ்டாக்ஃபிஷ் என்பது ஆட்டங்களை ஆராயும் இலவசச் சதுரங்க மென்பொருள். லிசெஸ் என்ற சதுரங்க இணையத்தளத்திலும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தலாம். எல்லா ஆட்டங்களையும் ஒரே ஆழத்தில் (எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறது என்பது) ஆய்வு செய். ஆழம் மாறினால் மதிப்பீடும் மாறும், ஒப்பிட முடியாது. அதன் மதிப்பீடு, யார் எத்தனை சிப்பாய் அளவு முன்னிலையில் இருக்கிறார் என்ற சிப்பாய்க் கணக்கில் வரும். ஒன்பது சிப்பாய் அளவு முன்னிலை ஏழாகக் குறைவதும், சமநிலையிலிருந்து இரண்டு சிப்பாய் பின்தங்குவதும் கணக்கில் ஒன்றுபோல் தெரியும். முதலாவதால் எதுவும் கெடாது. இரண்டாவது ஆட்டத்தையே கொடுத்துவிடும். லிசெஸ் இதனால்தான் சிப்பாய்க் கணக்கை வெற்றி வாய்ப்பாக மாற்றிய பிறகு தவறுகளை அளக்கிறது. நீயும் அதையே பயன்படுத்து.

ஒவ்வொரு தோல்வியிலும், ஆட்டத்தை இழக்கச் செய்த முதல் பெரிய தவறு எத்தனையாவது நகர்த்தலில் வந்தது, அது எவ்வகை என்று ஓர் ஏட்டில் எழுது: காவலில்லாமல் காயை விட்டதா, எதிராளியின் மிரட்டலைக் காணாததா, இருந்த முற்றுகையைத் தவறவிட்டதா, முடிவாட்டம் தெரியாததா. இதைக் கணினியால் முழுமையாகச் செய்ய முடியாது; நீயே பலகையில் காய்களை அடுக்கிப் பார்க்க வேண்டும். எண்பது ஆட்டங்களில் எந்த வகை மிகுந்திருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த தவணைக்கு எந்தப் பாடத்தை எடுப்பது என்று ஆசிரியை முடிவு செய்வார். இவ்வளவு சிறிய போட்டியிலிருந்து நம்பி எடுக்கக்கூடிய எண்களில் இதையே மேலானதாகக் கருதுகிறேன்.

கடிகாரம் மட்டும் கணினிக்குத் தெரியாது. அடுத்த போட்டியில் பத்து, இருபது, முப்பதாவது நகர்த்தல்களின் பக்கத்தில் மீதமுள்ள நிமிடத்தையும் எழுதச் சொல். குறிப்புத் தாளில் கடிகார நேரத்தை எழுத ஃபிடே விதி அனுமதிக்கிறது. அந்த நிமிடங்கள் இருந்தால், தெரியாமல் தவறியது எது, நேரமில்லாமல் தவறியது எது என்று உன் ஏட்டில் ஒரு பத்தியைக் கூட்டலாம்.