ஆற்றங்கரைக் களியை விட்டு வயல் களிக்கு மாறியதிலிருந்து சட்டிகள் வெடிக்கின்றன. என்ன செய்யலாம்?

ஆற்றங்கரைக் களி கிடைக்காததால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயலில் வெட்டிய கறுத்த களிக்கு மாறியிருக்கிறீர்கள். சக்கரமில்லாமல் அதே கைமுறையில்தான் செய்கிறீர்கள், ஆனாலும் காயும்போதே அடியும் விளிம்பும் வெடிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கைவேலையில் பிழை தேட வேண்டாம். புதுக் களி கூடுதலாகச் சுருங்குகிறது. எவ்வளவு என்று அளந்து, பழைய களியின் அளவுக்கு அதைக் கொண்டுவந்த பிறகுதான் சட்டியில் கை வைக்க வேண்டும்.

இரண்டு களியையும் சட்டி செய்யும் பதத்துக்குப் பிசைந்து, 14 சென்ரிமீற்றர் நீளம், 4 அகலம், 1 தடிப்பில் பட்டைகள் தட்டுங்கள். பழைய களி ஓர் உருண்டை மிஞ்சியிருந்தாலே போதும். ஈரத்திலேயே கத்தி நுனியால் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு கீறி, நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவிடுங்கள். முற்றாகக் காய்ந்தபின் கோடுகளுக்கு இடையே 9.4 இருந்தால் சுருக்கம் 6 சதவீதம். 8.8 என்றால் 12. கைச்சட்டிக்கு 5 முதல் 8 வரை சமாளிக்கலாம். 10ஐத் தாண்டினால் அடி தடித்த பாத்திரம் தப்புவது கஷ்டம். வயல் களியின் துணிக்கைகள் மிக நுண்ணியவை, நிறைய நீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நீர் வெளியேறும்போது துணிக்கைகள் நெருங்குவதுதான் சுருக்கம். கைக்கு வடிவாக வளைகிற களி கூடுதலாகச் சுருங்குவதும் இதனால்தான்.

சுருக்கத்தைக் குறைப்பது மணல், அல்லது உடைந்த சட்டிகளை இடித்து அரித்த ஓட்டுத்தூள். சமையல் சட்டிக்கு ஓட்டுத்தூள்தான் என் தெரிவு. ஏற்கெனவே சுடப்பட்டதால் அடுப்புச் சூட்டில் அது சட்டியோடு ஒத்துப்போகும். களியைக் காயவைத்து இடித்து, 10 சுண்டு களித்தூளுக்கு ஓட்டுத்தூளோ மணலோ 1, 2, 3 சுண்டு என்று மூன்று கலவை செய்து, ஒவ்வொன்றிலும் பட்டை தட்டி அளந்து பாருங்கள். பென்சில் தடிப்பில் ஒரு திரி உருட்டி விரலில் சுற்றியும் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் பிளந்தால் சேர்த்த தூளோ மணலோ கூடிவிட்டது, முந்திய கலவையே சரி. தெரிந்தெடுத்த கலவையைக் குழைத்து, பொலித்தீன் சுற்றி இரண்டு கிழமையாவது வைத்தால் இழுவை கூடும்.

மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரை மணல் கிட்டத்தில் கிடைக்கிறதென்று அள்ளாதீர்கள். அதில் உப்பும் சிப்பித் துண்டும் இருக்கும். வாவிக்கரையில் வெட்டிய களிக்கும் இதே சந்தேகம் வேண்டும். சிப்பி சுண்ணாம்பு, சூளை 800 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். நன்றாக வெந்து வந்த சட்டியில் சில நாளிலோ கிழமைகளிலோ நகமளவு சில்லு தெறித்து விழும். பள்ளத்தின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காரணம் இதுதான். காய்ந்த களித்தூளில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. களியைக் கரைத்து நெருக்கமான துணியில் வடித்தால் பெரும்பகுதி நீங்கும். காய்ந்த விளிம்பில் வெள்ளையாகப் பூப்பது உப்பு. கரைத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை இரண்டு மூன்று முறை இறுத்துவிடுங்கள்.

கச்சான் என்னும் வறண்ட காற்றடிக்கும் மாதங்களில் விளிம்பு ஒரே பகலில் காய்ந்துவிடும், அடி ஈரமாகவே நிற்கும். விளிம்பை ஈரத்துணியால் மூடி, பலகையில் சாம்பலோ மணலோ தூவி அதன்மேல் வையுங்கள். சுருங்கும்போது அடி வழுக்கிப் போக இடம் வேண்டும்.

பழைய களிச் சட்டிக்குப் புதுக் களியில் கைப்பிடி வைக்காதீர்கள், சுருக்கம் வேறுபட்டுப் பிரிந்துவிடும். கைப்பிடியை ஒட்டும் களிக்குழம்பும் அதே கலவையில்தான்.

சூளையில் முதல் தீயைப் பழையதைவிட நீட்டுங்கள். நுண்ணிய களி நீரை மெல்லத்தான் விடும். உள்ளே நீராவி அடைபட்டால் சட்டி சிதறும். சூளையின் மேல்வாயில் குளிர்ந்த கண்ணாடித் துண்டொன்றை ஒரு கணம் பிடியுங்கள். அதில் ஆவி படிவது நிற்கும்வரை சிறுதீதான். முதல் தடவை முழுச் சூளையையும் புதுக் களியால் நிரப்பாமல், நான்கைந்து சிறு சட்டிகளை மட்டும் வைத்துச் சுடுங்கள். தயிர்ச்சட்டி செய்வதென்றால், சுட்ட பட்டையை நிறுத்து, ஒரு நாள் நீரில் ஊறவிட்டு மறுபடி நிறுங்கள். பழைய பட்டையைவிடக் குறைவாக நீர் குடித்தால் தயிரின் தண்ணீரையும் குறைவாகவே இழுக்கும். அடுத்த தடவை சூட்டைச் சற்றுக் குறையுங்கள்.